கால் பங்குக் கணக்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் சங்கப் பாடலையோ சிங்கப்பூர்ச் சிறுகதையையோ எடுத்துப் பேசுவதுதான் வழக்கம். நான் வகுப்பறையைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். அறக்கட்டளைக் குழுவினர் தயங்காமல் தந்தார்கள். பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கிற ஒருவர் தம்முடைய வகுப்பையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ள நினைக்கிறார். அவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்? என்ன கேட்க வேண்டும்? எதை விட்டுவிட வேண்டும்? இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

நன்னூலிலிருந்தே தொடங்குகிறேன். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய அந்த நூலின் பொதுப்பாயிரத்தை இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் மனப்பாடமாக ஒப்பிப்பீர்கள். மாணாக்கரை அன்னம், பசு என்று மேலே வைத்து, மண், கிளி என்று நடுவே இறக்கி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று கடைசியில் தள்ளுகிற பட்டியல் நமக்கெல்லாம் மிகவும் பிடித்தது. ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிச் சிரிக்காத தமிழாசிரியர் உண்டா? அதே பாயிரத்தில் ஆசிரியராகத் தகாதவர்களுக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. கழற்காய் இட்ட குடம், மடல் சூழ்ந்த பனை, பருத்தி அடைத்த குண்டிகை, வேலிக்கு வெளியே சாய்ந்த தெங்கு. அதை மட்டும் நாம் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுவோம்.

நான் நிற்க விரும்புவது இந்த இரண்டு பட்டியல்களிலும் அல்ல, அதே பாயிரத்தில் வரும் ஒரு கணக்கில். ஆசிரியர் சொன்னதை ஒரு மாணவர் எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் வரும் என்கிறார் பவணந்தியார். உடன் கற்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் வரும். பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரை வந்து சேரும். ஒரு விரிவுரையாளரின் தலையில் குட்டு வைக்கிற கணக்கு இது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினாலும் என் பங்கு கால்தான்!

இதை அவர் எந்த வகுப்பில் அளந்தார்? அளக்கவில்லை. கற்றும் கற்பித்தும் கண்ட அனுபவத்தில் சொன்னார். நாம் அதற்கு உரை எழுதினோம், மேற்கோள் காட்டினோம், தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்டோம். நம் வகுப்பில் அது எப்படி நடக்கிறது, நடக்கிறதா என்று உட்கார்ந்து பார்க்கத்தான் இல்லை.

அமெரிக்காவில் ஒருவர் உட்கார்ந்து பார்த்தார். 1970களின் நடுவில் பெர்க்லியில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆய்வு மாணவர், கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் ஏன் தேறாமல் போகிறார்கள் என்று அறிய விரும்பினார். பேராசிரியர்களிடம் கேட்டபோது அக்கறை போதாது, பள்ளி அடித்தளம் சரியில்லை, குடும்ப ஆதரவு இல்லை, வறுமை என்று காரணங்கள் சரளமாக வந்தன. அவர் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன அமெரிக்க மாணவர்களையும் பின்தொடர்ந்து, அவர்கள் விடுதியிலும் நூலகத்திலும் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். பேராசிரியர்கள் சொன்ன காரணம் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. கறுப்பின மாணவர்கள் 20 பேரில் 18 பேர் தனியாகவே படித்தார்கள்; உழைப்பில் குறைவில்லை. சீன அமெரிக்க மாணவர்களில் பெரும்பாலோர் தனியே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து, ஒருவர் விடையை இன்னொருவர் பிய்த்தெடுத்தார்கள். டிரைஸ்மன் பிறகு அமைத்த பட்டறைகளில் எளிமையாக்கிய பாடம் எதுவும் இல்லை. கடினமான கணக்குகளைக் கூட்டாகப் போடவைத்தார். தேர்ச்சி உயர்ந்தது. 1992இல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டபோது கணிதத் துறைகள் விழித்துக்கொண்டன. பவணந்தியாரின் இரண்டாவது கால் பங்கு அந்த விடுதி அறைகளில் கிடந்தது என்று நான் சொன்னால், அது தமிழ்ப் பெருமை பேசுவதற்காக அல்ல. பட்டறிவில் பிறந்த ஒரு கருத்துக்கும் பார்த்தறிந்த ஒரு முடிவுக்கும் நடுவில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று காட்டுவதற்காக.

ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். மாணவர் மதிப்பீட்டில் எப்போதும் உயர்ந்த இடம் பெற்றவர். 1990 வாக்கில், நியூட்டன் விதிகளை மாணவர்கள் உண்மையில் புரிந்துகொண்டிருக்கிறார்களா என்று சோதிக்கும் எளிய வினாத்தாள் ஒன்றைத் தம் வகுப்பில் கொடுத்தார். கடினமான கணக்குகளைப் போட்டவர்களே அந்த எளிய கேள்விகளில் சறுக்கினார்கள். நீங்கள் கற்பித்தபடி எழுதுவதா, நாங்கள் நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவி கேட்டாராம். அதன்பின் மசூர் தம் விரிவுரையைச் சுருக்கி, ஒரு கேள்வியை வீசிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கச் சொன்னார். இவரும் போய்ச் சேர்ந்தது அதே கால் பங்குக்குத்தான்.

கற்பித்தலும் ஆராய்ச்சிக்கு உரிய புலமைப் பணியே என்று எர்னஸ்ட் போயர் 1990இல் வாதிட்டார். அதிலிருந்து இது உலகெங்கும் ஒரு துறையாகவே வளர்ந்துவிட்டது. சிங்கப்பூருக்கும் இதில் பங்கு உண்டு. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் இதற்கென்றே 2011 முதல் ஓர் ஆசிய ஆய்விதழை நடத்திவந்திருக்கிறது. தேசியக் கல்விக் கழகத்தில் இருந்த மனு கபூர், இங்கே கணித ஆசிரியராக இருந்தவர். பாடத்தை விளக்குவதற்கு முன்பே மாணவர்களைக் கணக்கோடு மல்லுக்கட்ட விட்டு, அவர்கள் தோற்ற விதங்களையே தரவாகச் சேகரித்தார். முதலில் திணறியவர்கள் பிறகு கருத்தை ஆழமாகப் பிடித்தார்கள் என்று சிங்கப்பூர்ப் பள்ளிகளில் காட்டினார். பிறகு சூரிச்சுக்குப் போனார். அவருடைய முடிவுகள் உலகெங்கும் பேசப்படுகின்றன. அதே கழகத்தில் சீதாலட்சுமி போன்றவர்கள் சிங்கப்பூர்ப் பேச்சுத்தமிழை ஆராய்ந்து பள்ளிப் பாடத்திட்டத்தையே தொட்டிருக்கிறார்கள். பள்ளி வகுப்பறை இவ்வளவு ஆராயப்பட்ட ஊரில், பல்கலைக்கழகத் தமிழ் வகுப்பு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்பது என் குறை.

சரி, ஆய்வுத் திட்டத்துக்கு வருவோம். பெரும்பாலான திட்டங்கள் கேள்வியிலேயே கெட்டுப்போகின்றன. குழுவாகக் கற்பதால் மாணவர் முன்னேறுகிறாரா? இதுதான் முதலில் தோன்றும் கேள்வி. விண்ணப்பப் படிவத்திலும் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இதற்கு ஆம் என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆசிரியர் கேட்கிறார். புதிதாக ஒரு முறையைப் புகுத்திவிட்டார். அது நன்று என்று நிறுவ ஓர் ஆய்வு வேண்டும். மாணவர்களிடம் பிடித்ததா என்று ஒரு படிவம் நீட்டுவார். பிடித்தது என்பார்கள். கட்டுரை முடிந்தது.

பிடித்ததா என்ற கேள்வி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 2019இல் ஹார்வர்டிலிருந்தே ஓர் ஆய்வு வந்தது. மாணவர்கள் தாங்களே முயன்று கணக்குப் போட்ட வகுப்பில் உண்மையில் அதிகம் கற்றார்கள். ஆனால் மெருகான விரிவுரை கேட்டவர்கள்தான் தாங்கள் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். பருவ இறுதிக் கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு 4.7 வாங்குகிற என் போன்றவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் தூக்கம் இழக்கலாம்.

எனவே கேள்வியைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். நான் ஒற்று மிகும் இடங்களைக் கற்பிக்கிறேன் என்று வையுங்கள். படித்துப் பார்த்தான், வந்து பார்த்தான். இரண்டும் வினையெச்சம்தான், ஒன்றில் மிகுகிறது, ஒன்றில் மிகவில்லை. விதியைச் சொல்கிறேன், வன்தொடர், மென்தொடர் என்கிறேன், மாணவர் தலையாட்டுகிறார், மறுவாரக் கட்டுரையில் வந்துப் பார்த்தான் என்று எழுதிக்கொண்டு வருகிறார். தமிழ் கற்பிப்பவர்கள் எல்லோரும் இங்கே புன்னகைக்கிறீர்கள். இப்போது கேட்க வேண்டியது இது: அந்தப் ப் என்ற எழுத்தைப் போடும்போது அவர் எதை நம்பிப் போட்டார்? விதியையா, காதையா, கண்ணையா? உடன் படிப்பவர் பக்கத்தில் இருந்தால் என்னிடம் கேட்காத எதை அவரிடம் கேட்கிறார்?

இந்தக் கேள்வி சிங்கப்பூரில் வேறு கனம் பெறுகிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியர்களில் 36.7 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசியது தமிழ். 2020இல் அது 27.3 ஆனது, ஆங்கிலம் 59.2க்கு ஏறியது. நன்னூலின் புணர்ச்சி விதிகள் தமிழ் காதில் ஊறிய மாணவருக்காக எழுதப்பட்டவை. அவர் ஏற்கெனவே சரியாக உச்சரிப்பதற்குத்தான் அவை காரணம் சொல்கின்றன. வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்து, தமிழின் மேல் உள்ள பற்றினால் பட்டப்படிப்புக்கு வருகிற ஒரு சிங்கப்பூர் மாணவர், அந்தக் காது இல்லாத இடத்தில் எதை வைத்துச் சமாளிக்கிறார்? தஞ்சாவூரில் இந்தக் கேள்வியை இப்படிக் கேட்க முடியாது. யாழ்ப்பாணத்திலும் முடியாது. சொந்த வகுப்பை ஆராய்வதில் உள்ள ஒரே பெரிய வசதி இதுதான். வேறு யாரிடமும் இல்லாத கேள்வி உங்கள் கையில் இருக்கிறது. பிற ஊர்க் கேள்வியைக் கடன் வாங்கி அதை வீணாக்காதீர்கள்.

கேள்வி இவ்வளவு தெளிந்துவிட்டால் முறை தானே வந்து நிற்கும். நான் போடும் திட்டம் இப்படி. மாணவர்களை இருவர் மூவராகப் பிரித்து லிட்டில் இந்தியாவுக்கு அனுப்புகிறேன். பஃபலோ சாலை, கேம்பல் லேன், சிராங்கூன் சாலை. கடைப் பலகைகள், கோயில் அறிவிப்புகள், உணவகப் பட்டியல்கள் என்று தமிழில் எழுதியிருப்பதைப் படம் எடுத்து வர வேண்டும். ஒற்று வேண்டிய இடத்தில் இல்லாமலும் வேண்டாத இடத்தில் துருத்திக்கொண்டும் இருக்கும் பலகைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. பிறகு வகுப்பறையில் கூடி, ஒவ்வொரு படத்துக்கும் ஒற்று வருமா வராதா என்று தங்களுக்குள் வாதிட்டு ஒரு முடிவுக்கு வர வேண்டும். அந்த வாதத்தை ஒலிப்பதிவு செய்கிறேன். அதுதான் என் தரவு. தெருவில் பதிவு செய்யலாமே என்று இளம் ஆய்வாளர்களுக்கு ஆசை வரும். ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் ஒலிப்பதிவு செய்து பாருங்கள். மாணவர் குரலைத் தவிர மற்ற எல்லாம் கேட்கும். கட்டுரையில் கடைப் பெயர் வராதபடி படத்தை வெட்டிவிடுங்கள். அவர்கள் வணிகம் செய்ய வந்தவர்கள், நம் இலக்கணத் தேர்வு எழுத வரவில்லை.

ஒப்பிட ஒன்று வேண்டும் என்பார்கள். பாதி மாணவர்களுக்குக் கூட்டுப் பயிற்சி கொடுத்து மீதிப் பாதிக்குக் கொடுக்காமல் விட எனக்கு மனம் வராது. கட்டணம் எல்லோரும் ஒன்றாகத்தானே கட்டுகிறார்கள். ஒரு டுடோரியல் பிரிவு வேற்றுமைப் புணர்ச்சியைக் கூடிப் படிக்கட்டும், மற்றது தனியே படிக்கட்டும்; எச்சங்கள் வரும்போது இடம் மாற்றிக்கொள்ளட்டும். எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிடும்.

எண்ணிக்கையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் தமிழ் வகுப்புகளில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஒரு மாணவருக்குக் காய்ச்சல் வந்தால் சராசரி ஆடிப்போகும். இதில் விழுக்காடு போட்டு, வரைபடம் வரைந்து, புள்ளியியல் சோதனை நடத்துவது வீண் அலங்காரம். பிழைகளை எண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எதைப் பிழை என்று கொள்வது என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். ஆங்கிலப் பெயர்களுக்குப் பின் ஒற்று வருமா என்பதில் நாம் இருவர் கூடினால் மூன்று கருத்து. உடன் பணிபுரியும் ஒருவர் சில தாள்களைத் தனியே திருத்திப் பார்க்கட்டும். இருவர் கணக்கும் எங்கே வேறுபடுகிறது என்று பார்த்தாலே பாதி ஆய்வு தெளிந்துவிடும். பன்னிரண்டு பேரிடம் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய செல்வம் அவர்கள் பேச்சுதான். ஒருவர் தாம் எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டு, ஏன் இங்கே ஒற்றுப் போட்டேன் என்று உரக்கச் சொல்கிற பத்து நிமிடத்தில் இருக்கும் செய்தி எந்த அட்டவணையிலும் வராது.

பவணந்தியார் சொன்ன அந்தப் பெரிய அரைப் பங்கு என்ன ஆயிற்று? பிறருக்கு எடுத்துரைப்பதில்தானே பாதிப் புலமை? அதை என் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். மாணவர்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவைத்து ஆராய வேண்டுமானால் பள்ளியின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் என்று இன்னொரு ஆய்வே வந்து சேரும். ஒரு பருவத்தில் ஒரு கால் பங்கு போதும். திட்டமிடுவதில் பாதி வேலை, ஆசையாக இருப்பதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதுதான்.

இனி நெறி. இதைப் பலர் படிவம் நிரப்பும் சடங்காக நினைக்கிறார்கள். எனக்கு இந்த ஆய்வின் உயிரே இங்கேதான் இருப்பதாகப் படுகிறது. மதிப்பெண் போடுகிற கையே ஒப்புதல் படிவத்தையும் நீட்டுகிறது. சார் கேட்கிறார், எப்படி மாட்டேன் என்பது? நம் பிள்ளைகளுக்கு ஆசிரியரிடம் மறுத்துப் பேச நாமே கற்றுக்கொடுக்கவில்லை. அந்தப் பணிவை ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொள்வது தவறு. எனவே ஒப்புதல் படிவத்தை நான் வாங்கக் கூடாது. வேறொருவர் வாங்கி உறையிலிட்டு, இறுதி மதிப்பெண் வெளியான பிறகே என்னிடம் தர வேண்டும். யார் ஒப்பினார், யார் மறுத்தார் என்று பருவம் முழுவதும் எனக்குத் தெரியக் கூடாது. பயிற்சியை எல்லோரும் செய்வார்கள், அது பாடத்தின் பகுதி. தரவாக எடுத்துக்கொள்வதுதான் ஒப்புதலுக்கு உட்பட்டது. குழுப் பேச்சில் ஒருவர் மறுத்தால் அவர் பேசிய பகுதியை நீக்கிவிட வேண்டும். இதை முதல் நாளே மாணவரிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லுங்கள். பெயரை மாற்றினால் போதும் என்றும் எண்ண வேண்டாம். நாற்பது வயதுக்கு மேல் படிக்க வந்த, முன்பு செவிலியராக இருந்த மாணவி என்று கட்டுரையில் எழுதினால் சிங்கப்பூர்த் தமிழுலகில் அவர் யார் என்று தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போதே சொல்லிவிடுவார்கள். அவ்வளவு சிறிய ஊர் நம் ஊர்.

தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஆய்வு நெறிமுறைக் குழுக்கள் இருக்கின்றன. தரவு சேகரிக்கும் முன்பே அனுமதி பெற வேண்டும். சேகரித்துவிட்டுப் போய் நின்றால் காரியம் நடக்காது. குழு கேள்வி கேட்கும், திருத்தச் சொல்லும், மறுபடி அனுப்பச் சொல்லும். இங்கே பருவம் என்பது கற்பிக்கும் வாரங்கள் 13, நடுவில் ஒரு வார இடைவெளி. ஆகஸ்டில் வகுப்பு என்றால், ஏப்ரலில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பத்தை எழுதத் தொடங்கிவிட வேண்டும். ஒவ்வொரு வாரமும் எடுத்த பதிவுகளை அதே வாரம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். பருவம் முடிந்தபின் மொத்தமாகக் கேட்கலாம் என்று வைத்தவர்களின் பதிவுகள் இன்னும் கணினியில் தூங்குகின்றன.

முடிவு எங்கே வெளியாக வேண்டும் என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆங்கில ஆய்விதழில் வெளியிடுங்கள், பதவி உயர்வுக்கு அது வேண்டும். ஆனால் அதையே தமிழில் இன்னொரு முறை, தரவோடும் மாணவர் பேச்சோடும் எழுதுங்கள். கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் டர்பனிலும் டொராண்டோவிலும் இதே ஒற்றோடு போராடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வீட்டில் தமிழ் குறைந்த மாணவருக்கு இலக்கணம் கற்பிப்பதில் இனி வழிகாட்ட வேண்டியது தமிழகம் அல்ல, நாம்தான்.

கடைசியாக அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு விண்ணப்பம். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று கோ. சாரங்கபாணி தமது தமிழ் முரசு நாளிதழ் வழியாகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் திரட்டினார். துறைமுகத் தொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் ஒரு வெள்ளி கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்துக்குள் தமிழ் நுழைய ஊர் பணம் கொடுத்தது. நுழைந்த பிறகு அங்கே மாணவர் என்ன கற்கிறார் என்று பார்க்கவும் கொஞ்சம் பணம் வேண்டியிருக்கிறது. பெரிய தொகை அல்ல. ஆங்கிலமும் தமிழும் கலந்து, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசும் நம் மாணவரின் ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க, பழகிய கைக்கே ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். எந்த மென்பொருளையும் இதில் இன்னும் நம்ப முடியாது. அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் தொகையை, ஒரு முறை மட்டும், ஓர் இளம் விரிவுரையாளரின் வகுப்புப் பதிவுகளை எழுத்தாக்குவதற்குக் கொடுங்கள். மேடையில் பேச ஆள் எப்போதும் கிடைப்பார்.

இளம் விரிவுரையாளர்களுக்கு ஒரே வேண்டுகோள். உங்கள் வகுப்பில் உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வியை அரைப் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். முறை, அனுமதி, நிதி எல்லாவற்றையும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.